ஒன்பது வருஷத்துக் கையெழுத்து

தை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு ரெக்கார்டு நோட்டுகள் வரத் தொடங்கும். கல்லூரியில் அவற்றை யூரியா சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காலில் சேறு காய்வதற்குள் நான் போய் டி.வி.எஸ். வண்டியின் முன்னால் ஏற்றிக்கொண்டு வருவேன். ஒரு சாக்குக்கு நாற்பது நோட்டு. பழுப்புத்தாள் அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றும் செங்கல் கனம். பி.எட். படிக்கிறவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வகுப்பெடுத்துப் பழகும்போது எழுதுகிற பாடத்திட்டங்கள் அவை. என் மனைவி பிரின்சி அவற்றை ஒரு பக்கம் விடாமல் படித்து, சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து விஜயலட்சுமி என்று இருக்கும்.

முதல் வருஷம் அதைப் பார்த்து நான் சிரித்தேன். யார் அது என்று கேட்டேன். காலேஜில் அப்படித்தான் ஏற்பாடு என்றாள்.

ஏற்பாடு இதுதான். பி.எட். கல்லூரி நடத்த வேண்டுமானால் ஒவ்வொரு பாடத்துக்கும் இன்ன படிப்புப் படித்த ஆசிரியர் இருக்கிறார் என்று பட்டியல் காட்ட வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்கு அந்தப் பட்டியலில் இருந்தவர் திருநாவலூரைச் சேர்ந்த முனைவர் விஜயலட்சுமி. அவர் சான்றிதழ்கள் கல்லூரியில் இருந்தன, அவர் வருவதில்லை. வேலை செய்தது பிரின்சி. சேர்ந்தபோது அவளிடம் எம்.ஏ.வும் எம்.எட்.டும் மட்டும் இருந்தன. நெட் தேர்வை முடித்துவிட்டு வந்தால் உன் பேரையே ஏற்றிவிடுகிறேன் என்று தாளாளர் சொல்லியிருந்தார். நாலாவது வருஷம் அவள் நெட் பாஸ் செய்தாள். அடுத்த ஆய்வுக் குழு வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆய்வுக் குழு வந்தது, போனது.

ஆய்வுக் குழு வருகிற நாளில் திருநாவலூரிலிருந்து காரில் அந்த அம்மாவை அழைத்து வருவார்கள். பிரின்சியை வீட்டிலேயே இருக்கச் சொல்வார்கள். ஒரு வருஷம் மாணவர் தலை எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அவளுக்கு நீல யூனிபார்ம் சேலை கொடுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வந்தவர் மேடையில் இருந்த விஜயலட்சுமியிடம் ஏதோ கேட்டாராம். அவர் வாயே திறக்கவில்லையாம். பிள்ளைகள் சேர்ந்து சத்தமாகப் பதில் சொல்லிச் சமாளித்தார்களாம். இதை அன்றைக்குச் சாயந்தரம் கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொல்லிச் சிரித்தாள். அந்தச் சேலையைத் துவைத்து மடித்து மறுநாள் திருப்பிக் கொடுத்தாள்.

மாணவர்கள் சேருகிற நாளிலிருந்தே அவளை விஜயலட்சுமி மேடம் என்றுதான் அறிவார்கள். யாராவது திடீரென்று வந்து கேட்டால் பேர் மாறக் கூடாது. கால அட்டவணையில் அந்தப் பேர். வருகைப் பதிவேட்டிலும் அந்தப் பேருக்கு நேரே அவள்தான் தினமும் கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கெங்கோ வேலை பார்த்துக்கொண்டு மாதத்தில் நாலு நாள் வருகிறவர்கள். அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆய்வு நாளில் மேடையில் இருப்பவரை வாடகைக்கு வந்த யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் அம்மா அமலோற்பவத்துக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. சாமியார் தண்ணி ஊத்தி வெச்ச பேர வுட்டுட்டு எவளோ ஒருத்தி பேர எழுதிக்கினு இருக்கிறியே, பாவமில்லையா என்பாள். "பாவம் பாத்தா படிப்ப மூட்ட கட்டி வெச்சிட்டு நானும் கரும்பு வெட்டத்தான் அத்த வரணும்" என்பாள் பிரின்சி. அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். அதனால் இரண்டு பேருமே சிரித்துவிடுவார்கள்.

நான் பிளஸ் டூவோடு நின்றவன். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே கோமுகி வாய்க்கால் ஓரம் ஒன்றரை ஏக்கர் கரும்பு. நூலகத்தில் கிடைப்பதைப் படிப்பேன். இங்கிலீஷ் எனக்கு வராது. ஆனாலும் அவள் செய்தது வேலை என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில் நுழைந்ததும் 'குட் மார்னிங்' சொல்லி, காலையில் சாப்பிட்டீர்களா என்று இங்கிலீஷில் கேட்பார்கள். பிள்ளைகள் 'யெஸ் மிஸ்' என்பார்கள். நோட்டு நோட்டாக அதுவே எழுதியிருக்கும். அதை மட்டும் பிரின்சி கட்டம் போட்டு அடிப்பாள். "சாப்பிடாம வந்த புள்ள அங்க ஒக்காந்துக்கினு இருக்குது. அத 'யெஸ்'ன்னு சொல்ல வெச்சா அது இங்கிலீஷா?" என்பாள்.

கல்வராயன் மலை மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் செவ்வந்தி என்கிற மலைப் பெண் பயிற்சி வகுப்பெடுத்தாள். ஆய்வுக் குழுவே வராத இரண்டு வருஷத்தில் படித்தவள். பார்வையிட பிரின்சி போனாள். அன்று நல்ல மழை. பஸ் பாதியில் நின்றுவிட, குடையில்லாமல் கடைசி இரண்டு மைல் நடந்தாளாம். செவ்வந்தி எந்தக் கேள்வி கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. கேட்கப்பட்ட பிள்ளை ஒவ்வொன்றும் சரியாகச் சொன்னது. பிரின்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்டுபிடித்தாள். பாதிக் கைகள் இடது கைகள். பதில் தெரிந்தவர்கள் வலது கையும் தெரியாதவர்கள் இடது கையும் தூக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள். இது அங்கே மட்டும் நடக்கிறது இல்லை. பயிற்சிக்குப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்கிற வழி. மதிப்பெண்ணைக் குறைப்பாள் என்று செவ்வந்தி அழத் தயாராக நின்றிருக்கிறாள். இவள் திட்டவில்லை. நாளைக்கு இடது கை தூக்கினவர்களுக்கு மட்டும் வகுப்பெடு, நான் இன்னொரு நாள் தங்குகிறேன் என்று சொல்லி, நனைந்த சேலையோடு செவ்வந்தியின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்களாம். மறுநாள் அவள் வந்து இறங்கியபோது காய்ச்சல் அடித்தது. பத்து நாள் இருமினாள். அந்தக் கதையை மட்டும் எனக்கு நாலு தடவை சொல்லியிருப்பாள்.

ஒன்பதாவது வருஷம் பங்குனியில், அரசு கல்வியியல் கல்லூரிகளுக்கு இங்கிலீஷ் உதவிப் பேராசிரியர் எடுக்கிற அறிவிப்பு வந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. வேலை செய்த வருஷங்களுக்கு மதிப்பெண் உண்டு. அனுபவச் சான்றிதழ் இருந்தால் அவளுக்குக் கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். சான்றிதழ் இல்லாமல் அந்த வரிசையில் நிற்கவே முடியாது என்றும் சொன்னார்கள்.

தாளாளரைப் பார்க்க நானும் கூடப் போனேன். முன்பு போர்வெல் லாரி வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, பேனா, எதிரே கல்லூரியின் சின்ன பொம்மைக் கட்டடம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். டீ வரவழைத்தார். என்னைப் பார்த்து இந்த வருஷம் கரும்பு எத்தனை டன் என்று விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லி, எங்கள் முன்னால் திருப்பி வைத்தார்.

"இது யாரு கையெழுத்தும்மா?"

"நான் போட்டதுதான் சார்."

"பேரு?"

அவள் பதிவேட்டில் பேர் இருந்த கட்டத்தைப் பார்த்தாள்.

"பிரின்சின்னு ஒருத்தர் ஒம்போது வருசம் வேலை செஞ்சாங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, அப்ப விஜயலட்சுமி யாருன்னு கேப்பான். நான் இன்னா சொல்றது? காலேஜப் பொறுத்தவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுதாம்மா."

நூலக உதவியாளர் என்று வேண்டுமானால் எழுதித் தருவதாகச் சொன்னார். அந்த இடம் பட்டியலில் காலியாகத்தான் இருக்கிறதாம். நாங்கள் எழுந்தபோது கொஞ்சம் மனசு கேட்காமல், அந்த அம்மாவே தன் பேரை விலக்கிக்கொண்டால் ஏதாவது பார்க்கலாம் என்றார்.

சித்திரை வெயிலில் உளுந்தூர்பேட்டை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருநாவலூரில் இறங்கினோம். கோயிலைத் தாண்டி நாலாவது தெரு. வாசலில் நிலக்கடலைச் செடிகள் குவியலாகக் கிடந்தன. சுற்றிலும் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்திதான் எழுந்து வந்தாள். நகக்கண்ணெல்லாம் செம்மண். பிரின்சியை விட இரண்டு மூன்று வயசு மூத்தவளாக இருப்பாள். காரில் வருகிற முனைவர் என்றால் நான் வேறு யாரையோ நினைத்து வைத்திருந்தேன்.

"உள்ள வாங்க மேடம்," என்றாள்.

"நீங்களும் மேடந்தான்," என்றாள் பிரின்சி.

"என்ன யாரும் அப்பிடிக் கூப்புட்டதில்ல. கார்ல கூட்டிக்கினு போற அன்னிக்கி மட்டுந்தான்."

அவள் புருஷன் தனசேகரன் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். உள்ளேயிருந்து பனியனோடு வந்தவர் சட்டை மாட்டிக்கொண்டு பேச உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இவளை வேலைக்கு அனுப்ப அவர் வீட்டில் ஒப்பவில்லை. படித்த படிப்பு பீரோவில் கிடந்து செல்லரிப்பதற்குப் பதில் யாருக்காவது உதவட்டும் என்று கொடுத்தாராம். உதவட்டும் என்றுதான் சொன்னார். இப்போது அவருடைய அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள், அரசு வேலை என்றால் போகட்டும் என்று மனசு மாறிவிட்டது. விண்ணப்பம் போட்டாகிவிட்டது. ஒன்பது வருஷ அனுபவச் சான்றிதழ் முத்திரையோடு வந்துவிட்டது. அதை எடுத்து வந்து காட்டினார். பார்க்கக் கொடுத்தால் சந்தோஷப்படுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. பிரின்சி அதை வாங்கி முழுக்கப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். அதில் எழுதியிருந்ததெல்லாம் உண்மைதான். இத்தனை பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், இத்தனை பள்ளிகளில் பார்வையிட்டார், மலைப் பகுதிகளிலும் சிறப்பாகப் பணியாற்றினார்.

விஜயலட்சுமி நின்றுகொண்டே இருந்தாள்.

"நான் எழுதிக் குடுத்துட்றேன் மேடம். நான் அங்க வேலையே செய்யலன்னு."

தனசேகரன் அவளைப் பார்த்த பார்வையில் வெளியே கடலை ஆய்கிற சத்தம்கூட நின்றமாதிரி இருந்தது.

"எழுதினா எனக்கு இன்னா வரும்?" என்று கேட்டாள் பிரின்சி.

  அப்படி ஒரு கடிதம் போனால் விஜயலட்சுமிக்கு வேலை கிடைக்காது. பிரின்சிக்கும் கிடைக்காது, பொய்க் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அதோடு போகாது. ஒன்பது வருஷம் அந்தக் கையெழுத்தை நம்பித் தேறிய பிள்ளைகள் இருக்கிறார்கள், செவ்வந்தி மாதிரி. அவர்கள் ரெக்கார்டெல்லாம் யாருடையது என்று ஆகிவிடும்.

மோர் கொடுத்தார்கள், குடித்தோம். கிளம்பும்போது கை கழுவ பிரின்சி கொல்லைக் குழாய்க்குப் போனாள். விஜயலட்சுமியும் கூடவே போனாள். நான் கதவருகில் நின்றதால் கேட்டது.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இங்கிலீஷ் எப்பிடிச் சொல்லிக் குடுக்கணும்னு எரநூத்தி எம்பது பக்கம் எழுதி டாக்டரேட் வாங்கினேன். ஒரு நாளு ஒரு கிளாஸ்ல நின்னதில்ல. இன்டர்வியூவுல பாடம் எடுக்கச் சொல்லுவாங்களாம்.  நீங்க கத்துக் குடுப்பீங்களா?"

அப்புறம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் நான் சண்டை போட்டேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் அப்படிக் கேட்பாள் என்றேன். வாயிருந்தும் ஊமையாக வந்துவிட்டாய் என்றேன். பிரின்சி வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, உப்பு மிளகாய்த்தூள் தடவி, ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கச்சிராயபாளையம் பஸ் வருகிற வரைக்கும் இரண்டையும் அவளே தின்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போறது என்னோட ஒம்போது வருசம்ங்க. அது அங்க போயி முழிச்சிக்கினு நிக்கக் கூடாது."

வைகாசியிலிருந்து ஞாயிறுதோறும் விஜயலட்சுமி வந்தாள். நாங்கள் பூசைக்குப் போய்த் திரும்புகிற நேரத்துக்குச் சரியாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். கையில் எப்போதும் ஏதாவது இருக்கும், வேர்க்கடலை, முருங்கைக்காய். அம்மா முதல் இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை. மூணாவது வாரம் சோறு போட்டாள். வயித்துக்கு வஞ்சன பண்ணக் கூடாது என்றாள், யாரும் கேட்காமலே.

ஆனி நடவுக்குக் கரணை வெட்டிக்கொண்டிருந்த ஞாயிறு அது. களத்தில் அம்மாவும் இன்னும் மூணு பெண்களும் கரும்பை இரண்டிரண்டு பரு வைத்துத் துண்டு போட, அம்மாசி என்கிற கூலியாள் அதை அள்ளி மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். பிரின்சி வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, இவர்களுக்கு நடத்துங்கள் என்றாள். விஜயலட்சுமி திகைத்து நின்றாள். இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்றாள். தெரிந்தவர்களுக்கு நடத்த உங்களை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்டாள் பிரின்சி.

விஜயலட்சுமி தொண்டையைச் சரிசெய்துகொண்டு 'குட் மார்னிங்' என்று ஆரம்பித்தாள். குரல் களத்தைத் தாண்டவில்லை. பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். 

"பயப்படாம பேசுங்கம்மா," என்றார் அம்மாசி. "இங்கிலீஸ்ல திட்டினாக்கூட எங்களுக்குக் கோவம் வராது. புரிஞ்சாதான?"

எல்லோரும் சிரித்தார்கள். விஜயலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரின்சி எழுந்து வந்து, ஒரு கரணையை எடுத்து அவள் கையில் கொடுத்து, அதன் பருவைத் தொட்டுக் காட்டினாள். இதிலிருந்து தொடங்குங்கள், இவர்கள் கையில் இருக்கிறதிலிருந்து தொடங்கினால் இவர்கள் உங்களைப் பார்ப்பார்கள் என்றாள். அப்புறம் அரை மணி நேரம் அந்தக் களத்தில் நடந்ததை நான் வரப்பிலிருந்து பார்த்தேன். வெட்டு, நனை, நடு, தண்ணீர் விடு என்று இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அம்மாசி அதைச் செய்தார். தப்பாகச் செய்ததற்கு அம்மா அவரைத் திட்டினாள். வெயில் ஏறி, பெண்கள் கூழ் குடிக்க உட்கார்ந்தபோது அம்மாசி 'வாட்டர்' கேட்டார். விஜயலட்சுமி சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

பிரின்சி வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். வாய்வு என்றாள்.

அது வாய்வு இல்லை. எத்தனை மாதமாக அந்த வலியோடு இருந்தாள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. மாசியில் செய்முறைத் தேர்வு முடியட்டும் என்று இருந்திருக்கிறாள். அப்புறம் சான்றிதழ் அலைச்சல். அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமைகள். ஆவணியில் கண்ணும் நகமும் மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அதற்குக் கேட்கவில்லை என்று கள்ளக்குறிச்சியில் காட்ட, அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். கணையத்தில் என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்ததோடு சரி. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கரும்புக்கு யார் தண்ணீர் கட்டுகிறார்கள் என்று கேட்டாள்.

எழுத்துத் தேர்வில் விஜயலட்சுமி தேறிவிட்டாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்த பிறகு ஒரு நாள் புதுச்சேரிக்கு வந்தாள். வார்டில் பார்வையாளர் நேரம், மத்தியானம். பிரின்சிக்கு அப்போது குரல் தேய்ந்துவிட்டது. ஆரஞ்சுச் சாறை இரண்டு மடக்கு குடித்துவிட்டு, தலையணையை உயர்த்தச் சொன்னாள்.

"கேக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம் மேடம். நீங்க படுங்க."

"ஒம்போது வருசத்துல ஒங்களால மறக்க முடியாத கிளாஸ் எது? அத கட்டாயம் கேப்பாங்க."

விஜயலட்சுமி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். நான் ஒருமுறை மலை மேலே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன் என்று தொடங்கினாள். என் மாணவி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள், எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள், அதில் பாதி இடது கைகள் என்பதை நான் கவனித்தேன் என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். எனக்கு அத்தனை தடவை கேட்ட கதை என்பதால் ஒவ்வொரு வாக்கியமும் புரிந்தது. நல்ல இங்கிலீஷ். தடுமாறவில்லை. சொல்லி முடித்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரின்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மழைய வுட்டுட்டீங்க," என்றாள். "அன்னிக்கி நல்ல மழை. நனைஞ்சிக்கினே போனீங்க. அதச் சொன்னாதான் நம்புவாங்க."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பத்தொன்பது நாள் கழித்து, ஐப்பசியில், அவள் போனாள். உடலைச் சாயந்தரம் ஊருக்குக் கொண்டுவந்தோம். அடைமழை. விடிந்தபோதுதான் விட்டது. வாசலில் போட்டிருந்த பந்தல் ஒழுகிக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து ஒரு மாலை வந்தது. தாளாளர் வரவில்லை.

காலை முதல் பஸ்ஸில் செவ்வந்தி வந்தாள். இப்போது மலையில் ஒரு பள்ளியில் அவள் ஆசிரியை. கூட அவளோடு படித்தவர்கள் நாலு பேர். எல்லோருக்கும் கை முழுக்கப் பசை. அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்து, பழைய பிள்ளைகளெல்லாம் சேர்ந்து போஸ்டர் அடித்தோம் சார், பஸ் ஸ்டாப்பிலிருந்து இந்தத் தெருமுனை வரைக்கும் ஒட்டிவிட்டோம் என்றாள். மிச்சமிருந்த ஒன்றைச் சுருள் பிரித்துக் காட்டினாள். கண்ணீர் அஞ்சலி என்று மேலே. நடுவில் பிரின்சியின் படம், ஏதோ பிரிவு உபசார விழாவில் எடுத்தது, நெற்றியில் முடி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல படம் எங்கள் வீட்டிலேயே இல்லை. கீழே கொட்டை எழுத்தில், எங்களை ஆசிரியர்களாக்கிய முனைவர் விஜயலட்சுமி அவர்கள் என்று போட்டிருந்தது.

நல்லா இருக்குதும்மா என்று சொன்னேன். அந்தப் பெண்ணிடம் வேறு என்ன சொல்வது.

சிறிது நேரத்தில் விஜயலட்சுமி வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்துதான் வந்திருக்க வேண்டும். செருப்பெல்லாம் சேறு. வந்தவள் என்னிடம் எதுவும் பேசாமல் பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றாள். கோயில் உபதேசியார் மூடியைக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தினார். அதில் வெள்ளைப் பெயிண்டில் பிரின்சி மேரி என்று எழுதி, கீழே வயதும் தேதியும் போட்டிருந்தது.

செவ்வந்தி அதைப் பார்த்துவிட்டாள். என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"சார், மூடியில மேடம் பேர மாத்தி எழுதிட்டாங்க சார். ஆணி அடிக்கிறதுக்குள்ள சொல்லுங்க."

 விஜயலட்சுமிதான் திரும்பினாள்.

"மாத்தலம்மா. அதான் அவங்க பேரு."

"இல்லிங்க. நான் ரெண்டு வருசம் அவங்ககிட்ட படிச்சவ. என் ரெக்கார்டு பூரா அவங்க கையெழுத்து இருக்குது." செவ்வந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?"

விஜயலட்சுமி வாயைத் திறந்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பெண்கள் அழுகிற சத்தம் உயர்ந்தது, மூடியை எடுத்தார்கள், நான் பெட்டியின் தலைமாட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பஸ் ரோட்டுப் பக்கம் போகாமல் பின்வழியாகவே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பூசையிலும் கல்லறையிலும் நான் விஜயலட்சுமியைப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று பின்னாலும் நான் விசாரிக்கவில்லை.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மா நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்வழி முழங்கால் சேறாகிவிட்டதால் பஸ் ரோட்டைச் சுற்றி வந்தோம். ரேஷன் கடைச் சுவரில் முதல் போஸ்டர் இருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்ததும் நின்று, ஈரக் காகிதத்தில் மருமகளின் கன்னத்தைத் தடவினாள். படத்துக்குக் கீழே பேர் இருந்த பட்டை மட்டும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. பசை காயாத சுவரில் நகம் இழுத்த கோடுகள் தெரிந்தன. அடுத்த போஸ்டரிலும் அப்படித்தான். பால் சொசைட்டிச் சுவர், கரண்ட் கம்பம், எங்கள் தெருமுனை மதில் என்று எல்லாவற்றிலும் படம் இருந்தது, கண்ணீர் அஞ்சலி இருந்தது, பேர் இல்லை.

"இங்க இன்னா எழுதியிருந்துது ரெக்சு?" என்று கேட்டாள் அம்மா.

"பேரும்மா."

அம்மா அந்த வெற்றிடத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, செத்தவ பேரக்கூட வுட்டு வெக்காத கை எந்தக் கையோ, அது வெளங்குமா என்று சாபம் விடத் தொடங்கினாள். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் விட்டுக்கொண்டே வந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.